தண்டுவடம் அடிபட்டவரை வீட்டுக்குக் கூட்டி வரும் குடும்பத்துக்கு: முதல் மூன்று மாதம், படிப்படியாக

வட சென்னையில் தண்டையார்பேட்டையில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஏணியிலிருந்து விழுந்தேன். முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போனது. பதினோரு வருடம் ஆகிறது. கடந்த ஆறு வருடமாகக் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் யாராவது புதிதாக அடிபட்டு வீடு திரும்பினால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

எந்த வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எப்ப நடப்பாரு?" அந்தக் கேள்வியோடு முதல் பணம் பிசியோவுக்கும் எண்ணெய்க்கும் போய்விடுகிறது. ஆளைப் புரட்டிப் பார்த்தால் முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருக்கும். ஒரு புண் ஆற மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும். அதுவரை வீல்சேரும் இல்லை, பிசியோவும் இல்லை. அதனால் வரிசை இதுதான்: முதலில் தோல், அடுத்து சிறுநீர், அடுத்து மலம். இந்த மூன்றும் ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகு மற்றதெல்லாம். ஆபரேஷன், முதுகுக்குப் போடும் பெல்ட், மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

1. டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டு வாங்கி டாக்டரிடம் இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: அடி எந்த மட்டத்தில் (சி5, டி6, டி12, எல்1 என்று சொல்வார்கள்; சி கழுத்து, டி நெஞ்சுக்குப் பின்பக்கம், எல் இடுப்பு, எண் குறையக் குறைய மேலே), முழுப் பாதிப்பா பகுதிப் பாதிப்பா (அடிக்குக் கீழே அசைவும் உணர்வும் முழுசாகப் போனதா, கொஞ்சம் மிச்சமா), பெல்ட் எத்தனை வாரம், எப்போதிலிருந்து உட்கார வைக்கலாம், புரட்டும்போது எதைச் செய்யக்கூடாது.

மட்டம் தெரிவது ஏன் முக்கியம் என்றால், டி6-உம் அதற்கு மேலும் அடிபட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும் ஆபத்து உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். மலம் கழிக்க வைக்கும் முறையும் மட்டத்தைப் பொறுத்து மாறும்.

அடுத்தது கைப்பழக்கம். சிறுநீர் டியூப் போடுவது, புரட்டுவது, மோஷன் எடுப்பது மூன்றையும் சிஸ்டர் செய்வதை நின்று பார்த்தால் போதாது. சிஸ்டர் பார்க்க நீங்கள் செய்ய வேண்டும். வார்டில் எப்போதும் கூட்டம்தான். காலை ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு போய் "நான் செய்றேன் சிஸ்டர், சரியான்னு மட்டும் பாருங்க" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வீட்டில் இரண்டு பேர் பழகிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்றே எல்லாம் நின்றுவிடும்.

புனர்வாழ்வு சிகிச்சைக்கு அனுப்பும் கடிதமும் கேளுங்கள். கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்குப் பாகாயத்தில் தனியாக ஒரு புனர்வாழ்வு மையம் இருக்கிறது. சில வாரம் அங்கே தங்கிப் பழகி வருபவர்களுக்கும் நேராக வீட்டுக்கு வருபவர்களுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பார்த்தவுடன் தெரியும்.

2. ஆள் வருவதற்கு முன் வீட்டை அளந்துவிடுங்கள்

இஞ்ச் டேப்பால் மூன்று அளவு எடுங்கள்: வாசல் கதவு, பாத்ரூம் கதவு, வாசற்படி உயரம். சாதாரண வீல்சேரின் முழு அகலம் 24 முதல் 26 அங்குலம் இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் பாத்ரூம் கதவு பல இடத்தில் இரண்டடிதான். கதவையும் நிலையையும் எடுத்துவிட்டுத் திரை போட்டால் இரண்டு மூன்று அங்குலம் கிடைக்கும். வாடகை வீடு என்றால் ஓனரிடம் முன்பே பேசுங்கள். ஆள் வந்த பிறகு பேசினால் அந்த ஒரு வாரமும் அவர் கட்டிலிலேயே கிடக்க நேரும்.

சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம் வேண்டும். ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்துக்குப் போயிருந்தால் உள்பக்கம் இறங்கும் சரிவுக்கும் இதே கணக்கு. சந்து குறுகலாக இருந்து ஆறடிக்கு இடமில்லை என்றால், அவசரத்துக்குச் செங்குத்தாக ஒரு பலகை வைத்துத் தனியாளாகத் தள்ளாதீர்கள். வண்டி பின்னுக்கு மல்லாந்துவிடும். ஒரு படிதான் என்றால் பலகையே தேவையில்லை. ஏற்றும்போது வண்டியைப் பின்னுக்குச் சாய்த்து முன்சக்கரத்தைப் படிமேல் வைத்துத் தள்ளுங்கள். இறக்கும்போது வண்டியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் இறங்குமாறு பின்பக்கமாக இறக்குங்கள். ஆளின் முகம் எப்போதும் மேட்டுப் பக்கம் பார்த்தபடி இருக்கும்.

கட்டில் கட்டாயம். பாயில் படுக்க வைத்தால் பார்த்துக்கொள்பவரின் முதுகு ஒரே மாதத்தில் போய்விடும், வீல்சேருக்கு மாற்றவும் முடியாது. கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம், குஷன் போட்ட வீல்சேரின் உட்காரும் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பதினெட்டிலிருந்து இருபது அங்குலம் வரும். குறைந்தால் கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள். கட்டிலை மூலையில் தள்ளாமல் இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விடுங்கள். தலை எந்தப் பக்கம் என்பதைப் படுக்கப் போகிறவரிடமே கேளுங்கள். எனக்குத் தெரு தெரிய வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மூன்று மாதம் அந்தத் தெருதான் எனக்குப் பேச்சுத்துணை.

3. தோல்: எல்லாவற்றுக்கும் முன்னால்

உங்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: ஒரே இடத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கு வலிக்கும், தன்னையறியாமல் நகர்ந்துகொள்வீர்கள். எனக்கு வலிக்காது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்தம் போகாமல் உள்ளுக்குள் செத்துப் போகும். மேலே தெரிவதற்குள் உள்ளே பெரிதாகியிருக்கும்.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள், இரவிலும். போனில் அலாரம் வைத்து இரண்டு பேர் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஒருக்களிக்கும்போது முழுசாகப் பக்கவாட்டில் போட்டால் இடுப்பெலும்பின் மேல் பாரம் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வாக, முப்பது டிகிரி அளவில் வையுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் இருக்கும்படி செய்யுங்கள்.

இழுக்காதீர்கள். நழுவிக் கீழே வந்தவரைக் கையைப் பிடித்து மேலே இழுக்கும்போது தோல் துணியில் ஒட்டி நிற்க, உள்சதை மட்டும் நகரும். புண்ணுக்கு அதுவே போதும். பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் விரித்து வைத்தால், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்திவிடலாம். சேலையில் சுருக்கமோ பொத்தானோ சோற்றுப் பருக்கையோ இருக்கக் கூடாது.

காலையும் இரவும் தோல் பார்க்க வேண்டும். வால் எலும்பு, உட்காரும் எலும்பு இரண்டு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், கணுக்கால், கழுத்தில் பாதிப்பிருந்தால் பின்மண்டை. தோல் சிவந்தால் பாருங்கள் என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கருத்தோ ஊதாவாகவோ தெரியும். புறங்கையை வைத்தால் சூடு தெரியும். விரலுக்குக் கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ தட்டுப்படும். திருவொற்றியூரில் ஒரு அம்மா மகனின் குதிகாலைக் காலை வெயிலில் ஜன்னல் பக்கம் திருப்பி, கட்டை விரலால் அழுத்தி எடுத்து, நிறம் திரும்புகிறதா என்று எண்ணிக்கொண்டே பார்ப்பார். பிறகு போனில் படம் எடுத்து நேற்றைய படத்தோடு ஒப்பிடுவார். இரண்டு வருடமாக அந்தப் பையனுக்கு ஒரு புண் கிடையாது.

அழுத்தி எடுத்தும் நிறம் மாறாமல் நின்றாலோ, பாரத்தை எடுத்து அரை மணி நேரமாகியும் தடம் போகாவிட்டாலோ அதுதான் முதல் கட்டம். அந்த இடத்தில் இனி பாரமே விழக் கூடாது, தோல் பழையபடி ஆகும் வரை. தோல் பிய்ந்தாலோ, கருத்த பொருக்கு கட்டினாலோ, வாடை வந்தாலோ ஆஸ்பத்திரி.

பல வீடுகளில் பார்க்கும் தவறுகள்: தடம் விழுந்த இடத்தில் எண்ணெய் வைத்துத் தேய்ப்பது (நசுங்கிய சதையை இன்னும் நசுக்குகிறது), நடுவில் ஓட்டையுள்ள டயர் போன்ற காற்றுத் தலையணை (ஓட்டையைச் சுற்றி ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது), குதிகாலுக்குத் தண்ணீர் நிரப்பிய கையுறை, திறந்த புண்ணில் மஞ்சள் பொடி. எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனாலும் நிறுத்துங்கள். ஏர் பெட் வாங்கினால் புரட்ட வேண்டாம் என்பதும் தவறு. அது உதவிக்கு மட்டும்தான்.

சூடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொதிக்கும் கஞ்சிச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு வீல்சேரில் வந்த ஒருவருக்குத் தொடையில் கொப்புளம் கண்டது, அவருக்குத் தெரியவே இல்லை. குளிக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொள்பவர் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டி சீட், பைக் சைலன்ஸர், வெந்நீர் ஒத்தடம் எதுவும் உணர்விழந்த இடத்தில் படக் கூடாது.

4. சிறுநீர்: கிட்னியைக் காப்பாற்றும் வேலை

சிறுநீர்ப்பை நிறைந்தது தெரியாது, தானாகக் காலியும் ஆகாது. தேங்கினால் கிருமி சேரும், அழுத்தம் கூடினால் மேல்நோக்கிப் போய்க் கிட்னியைக் கெடுக்கும். சொட்டுச் சொட்டாக வருகிறதே, அப்படியானால் போகிறது என்று நினைக்காதீர்கள். நிறைந்து வழிவதும் அப்படித்தான் வரும்.

பெரும்பாலோர் நிரந்தர டியூபும் யூரின் பேக்குமாக வீட்டுக்கு வருகிறார்கள். பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. புரட்டும்போது பேக்கைத் தூக்கி வயிற்றின் மேல் வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பேக்குக்குள் போன சிறுநீர் திரும்பச் சிறுநீர்ப்பைக்குப் போகும். டியூபைத் தொடையில் பிளாஸ்திரியால் ஒட்டி, இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றும் தேதியை நோட்டில் எழுதுங்கள்.

கை நன்றாக இயங்குபவர் என்றால், அவ்வப்போது டியூப் போட்டு எடுக்கும் முறைக்கு மாறலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். கிருமித் தொற்று குறையும், பேக் தொங்காது, வெளியே போக மனசு வரும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் 500 மில்லிக்குள் வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறையுங்கள். வரிசை இதுதான்: கையைச் சோப்பு போட்டுக் கழுவுவது, உறுப்பைக் கழுவுவது, ஜெல்லி தடவுவது, மெதுவாக உள்ளே விடுவது, முழுவதும் வடிந்த பின் மெல்ல எடுப்பது, அளந்து எழுதுவது. தடை தட்டினால் அழுத்தித் தள்ளாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து மூச்சை விடச் சொன்னால் பெரும்பாலும் தளரும். டியூபைத் திரும்பப் பயன்படுத்தலாமா, எத்தனை நாள் என்பதை உங்களுக்குக் கற்றுக் கொடுத்த சிஸ்டர் சொன்னபடி மட்டும் செய்யுங்கள்.

லாரித் தண்ணீர் வராத நாளில் கை கழுவுவதில்தான் முதலில் சிக்கனம் பிடிக்கிறோம். ஒரு சிறு குடத்தை மூடி, டியூப் வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

குடிக்கும் தண்ணீரைக் குறைப்பது இன்னொரு தவறு. நாளுக்கு இரண்டு லிட்டர் அளவு, டாக்டர் வேறு சொல்லாதவரை. நேரம் பிரித்துக் குடியுங்கள், இரவு எட்டு மணிக்கு மேல் குறையுங்கள். சிறுநீர் கலங்கி நாறினால், காய்ச்சல் குளிர் வந்தால், கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி இழுத்தால் தொற்று என்று எண்ணி டாக்டரைப் பாருங்கள்.

5. மலம்: ஒரே நேரம், ஒரே முறை

இதைப் பேசவே கூச்சப்பட்டு எல்லோரும் தவிர்க்கிறார்கள். மனசை அதிகம் உடைப்பது இதுதான், அதனால் திறந்தே எழுதுகிறேன்.

தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பலகாரம் முடிந்து இருபது முப்பது நிமிடத்தில் தொடங்குவது நல்லது. சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையத் தொடங்கும், அதைப் பயன்படுத்திக்கொள்கிறோம். படுக்கையில் என்றால் இடதுபக்கம் ஒருக்களிக்க வையுங்கள். கையுறை போட்டு, ஜெல்லி தடவி, ஆசனவாயில் விரலை மெல்ல விட்டு இருபது நொடி வட்டமாகச் சுற்றினால் குடல் தள்ளும். ஐந்து பத்து நிமிடம் விட்டுத் திரும்பச் செய்யலாம். டி12-க்குக் கீழே அடிபட்ட சிலருக்கு இந்தத் தூண்டல் வேலை செய்யாது, விரலால் எடுத்துவிடத்தான் வேண்டும். எது உங்களுக்கு என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சப்போசிட்டரி (ஆசனவாயில் வைக்கும் மருந்து) டாக்டர் சொன்னால் மட்டும்.

நேரம் பிடிபட ஐந்தாறு வாரம் ஆகும். முதல் வாரமே சரியாக வரவில்லை என்று பேதி மாத்திரை கொடுத்தால் நாள் முழுக்க நனைந்து கிடப்பார், தோலும் கெடும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இந்தியன் கக்கூஸ்தான். அதன்மேல் வைக்கும் கமோட் சேர் போதும். ஆனால் சீட்டில் மெத்தை கட்டாயம், அரை மணிக்கு மேல் உட்கார வேண்டாம். கமோட் சேரில் வந்த புண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. அடிபட்டபின் மாதவிலக்கு சில மாதம் நிற்கலாம், பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். நாப்கினை அடிக்கடி மாற்றுங்கள். ஈரமும் மடிப்பும் சேர்ந்து தோலைக் கெடுக்கும். இந்த வேலைகளுக்கு யார் வேண்டும் என்பதை அந்தப் பெண்ணே சொல்லட்டும். தாம்பத்யம், குழந்தை பற்றி ஆண்களும் பெண்களும் டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். கேட்டால் வழி உண்டு.

6. தூக்குவதும் மாற்றுவதும்

முதல் விதி, தொடுவதற்கு முன் கேளுங்கள். "தூக்கட்டுமா?" என்று கேட்டு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி, அவர் "சரி" என்ற பிறகு தொடுங்கள். எண்ணுவதும் அவரே எண்ணட்டும். நாளெல்லாம் அவர் உடம்பை மற்றவர்கள் திருப்புகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லும் உரிமையாவது அவரிடம் இருக்கட்டும்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு: வண்டியைக் கட்டிலோடு ஒட்டிச் சற்றே கோணலாக நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கும் போடுங்கள். கட்டில் பக்கத்துக் கைப்பிடியையும் கால்தாங்கியையும் எடுத்துவிடுங்கள். ஆளைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். வெகுநாள் படுத்தவருக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். அப்புறம் வழவழப்பான சறுக்குப் பலகையின் ஒரு முனையைத் தொடைக்கு அடியிலும் மறுமுனையைச் சீட்டிலும் வைத்து, சிறிது சிறிதாக நகர்த்துங்கள். வெறுந்தொடை பலகையில் ஒட்டி உரியும், கைலியோ பேண்ட்டோ இருக்க வேண்டும்.

இரண்டு பேர் தூக்குவதென்றால், ஆள் தன் கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் நிற்பவர் அவர் அக்குளுக்கு அடியில் கைவிட்டு, கட்டிய முன்கைகளைப் பிடிக்க வேண்டும். முன்னால் நிற்பவர் முழங்காலுக்கு அடியில். கட்டைவிரலால் அக்குளைக் கொக்கி போட்டுத் தூக்காதீர்கள். இந்த முறை தோளும் கையும் வலுவாக உள்ளவருக்கு மட்டும்தான். கழுத்தில் அடிபட்டவரையும், பக்கவாதம் வந்து ஒரு கை தொய்ந்தவரையும் இப்படித் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். வாதம் வந்தவரின் தொய்ந்த கையைப் பிடித்து எழுப்புவதும் கூடாது.

தூக்குபவர் முழங்காலை மடித்து, ஆளை நெஞ்சோடு ஒட்டி வைத்துத் தூக்குங்கள். முதுகை வளைத்துத் தூக்கி அம்மாவும் மனைவியும் இடுப்பு வலியில் விழுந்த வீடுகள் எத்தனையோ.

7. வீல்சேர்: கிடைத்ததை வாங்காமல் அளந்து வாங்குங்கள்

உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலத்தை அளந்து ஒன்றிரண்டு அங்குலம் சேருங்கள், அதுதான் சீட் அகலம். பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து இரண்டு அங்குலம் கழியுங்கள், அதுதான் நீளம். அகலம் கூடினால் ஒருபக்கம் சாய்ந்து முதுகெலும்பு கோணும், வாசலிலும் நுழையாது. கால்தாங்கி உயர்ந்திருந்தால் பாரமெல்லாம் உட்காரும் எலும்பில் இறங்கும். கழற்றும் கைப்பிடி உள்ளதைக் கேளுங்கள். இல்லையென்றால் பலகை போட்டு மாற முடியாது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான நியோஃப்ளை போன்ற வண்டிகள் ஆளுக்கேற்ற அளவில் செய்து தரப்படுகின்றன.

வண்டியைவிட முதலில் குஷனுக்குக் காசு ஒதுக்குங்கள். முதல் நாள் பதினைந்து நிமிடம் உட்கார வைத்துத் தோல் பாருங்கள், சுத்தமாக இருந்தால் மறுநாள் அரை மணி. உட்கார்ந்திருக்கும்போது பதினைந்து முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை முன்பக்கம் மேசையில் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் பாரத்தை எடுக்க வேண்டும். கையூன்றி எழும்பி உடனே உட்கார்வது போதாது. ரத்தம் திரும்ப அவ்வளவு நேரம் வேண்டும், தோளும் தேயும்.

8. பிசியோ

இப்போது பிசியோ. முதல் மாதங்களில் அதன் வேலை மூட்டு இறுகாமல் பார்ப்பதும் கைக்கு வலு சேர்ப்பதும்தான். ஒவ்வொரு மூட்டையும் தினமும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். இறுக்கத்தை எதிர்த்து வேகமாக இழுக்காதீர்கள். அசையாத காலின் எலும்பு மெலிந்திருக்கும், வலியில்லாமலே முறியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்வதும் உண்டு. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

நடப்பாரா என்ற கேள்விக்குப் பதில், பாதிப்பு முழுதா பகுதியா என்பதில் இருக்கிறது. அதை டாக்டரிடம் கேளுங்கள், படுத்திருப்பவரின் முன்னாலேயே கேளுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் குசுகுசுப்பது எந்தப் பதிலைவிடவும் அதிகமாக வலிக்கும்.

9. உடனே 108 அழைக்க வேண்டியவை

டி6-உம் அதற்கு மேலும் அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை வெடிப்பது போன்ற தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, ரத்த அழுத்தம் ஏறுவது. படுக்க வைக்காதீர்கள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, பெல்ட்டையும் இறுக்கமான துணியையும் தளர்த்துங்கள். பிறகு டியூப் மடங்கியிருக்கிறதா, பேக் நிறைந்ததா என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்த காரணம் மலம் அடைத்திருப்பது. காரணத்தை நீக்கியும் குறையாவிட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். இது பக்கவாதம் வரை கொண்டு போகும். வரும் டாக்டருக்கும் அடிபட்ட மட்டத்தை, "டி4 லெவல்" என்பதுபோல், நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடானால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்க்காமல் அன்றே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறலும் சேர்ந்தால் உடனே 108.

10. கத்திரி வெயிலும் மழைத்தண்ணீரும்

மேல்மட்டத்தில் அடிபட்டவர்களுக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூட்டை இறக்கத் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மே மாதம் மதியம் காய்ச்சல்போல் கொதிப்பார்கள். ஈரத்துண்டு, தண்ணீர் ஸ்ப்ரே, மின்விசிறி. மதியத்துக்குப் பக்கத்துக் காங்கிரீட் வீட்டில் இடம் கேட்டு வையுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கமெல்லாம் தண்ணீர் வடிய நாள் கணக்கில் ஆனது. அதிலிருந்து ஒவ்வோர் அக்டோபரிலும் எல்லா வீட்டிலும் ஒரு பை கட்டச் சொல்கிறேன்: பத்து நாள் டியூப், கையுறை, ஜெல்லி, மாத்திரை, டிஸ்சார்ஜ் சம்மரி நகல், டார்ச், எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள். எச்சரிக்கை வந்த அன்றே மாடி வீட்டுக்கு மாறிவிடுங்கள். முழங்கால் தண்ணீரில் வீல்சேரைத் தூக்க நான்கு பேர் வேண்டும், அந்த நேரம் ஆள் கிடைக்காது. கரன்ட் போனால் ஏர் பெட் இறங்கிவிடும், கம்பிதான் மிஞ்சும். அடியில் எப்போதும் ஒரு பஞ்சு மெத்தை இருக்கட்டும். வெள்ளத்தில் கால் பட்டால் கழுவித் துடைத்துக் கீறல் தேடுங்கள். கண்ணாடி குத்தியிருந்தாலும் அவருக்குத் தெரியாது.

11. அட்டையும் உதவித்தொகையும்

முதல் மூன்று மாதத்துக்குள் யு.டி.ஐ.டி. அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) விண்ணப்பித்துவிடுங்கள். ஆதார், போட்டோ, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் போதும், இ-சேவை மையத்தில் ஏற்றித் தருவார்கள். பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதனை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். தண்டுவடப் பாதிப்புக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனி மனு. அட்டை வந்தால் பணமும் தானாக வரும் என்று ஒரு வருடம் காத்திருந்தவர்களைத் தெரியும். இரண்டும் வேறு வேறு மனு. வீல்சேர், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் மனுக்களும் அங்கேதான். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகலில் முத்திரை வாங்குங்கள்.

12. தெருவுக்கு

தொடர்ந்து உட்காரும் நேரம் இரண்டு மணி நேரத்தைத் தொட்டதும் வெளியே கூட்டிப் போங்கள். மாதக்கணக்கில் ஒத்திப்போட்டால் பயம் கட்டிலோடு வேர் விட்டுவிடும்.

முதல் பயணத்துக்கு மெட்ரோ நல்லது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் திறந்த பாதையில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு, நடைமேடையும் பெட்டியும் ஏறத்தாழ ஒரே மட்டம். புறநகர் ரயிலில் பெட்டி உயரம், துணைக்கு இரண்டு பேர் இல்லாமல் வேண்டாம். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து விட்ட மின்சாரப் பேருந்துகள் தாழ்தளம், சாய்பலகை உண்டு. ஓட்டுநர் கண்ணில் படும்படி முன்பக்கமாக நின்று கை காட்டுங்கள், நடைபாதை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆட்டோ என்றால் துணைக்கு வருபவர் முதலில் உள்ளே ஏறி உட்கார வேண்டும். வீல்சேரை ஆட்டோ சீட்டோடு ஒட்டிவைத்துப் பலகையில் நகர்த்தி, கடைசியாகக் கால்களைத் தூக்கி உள்ளே வையுங்கள். பாதம் கம்பியில் உரசுகிறதா என்று கண்ணால் பாருங்கள். குஷனை வீல்சேரிலேயே விட்டுவிடாமல் ஆட்டோ சீட்டில் போட்டு அதன்மேல் உட்கார வையுங்கள்.

தெருவில் தள்ள வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பின்னாலிருந்து சொல்லாமல் கைப்பிடியைப் பிடிக்காதீர்கள். முன்னால் வந்து முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். விலை, வழி, உடம்பு எதுவானாலும் துணைக்கு வந்தவரிடம் கேட்காமல் உட்கார்ந்திருப்பவரிடமே கேளுங்கள்.

முதல் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும். கிளம்பும் முன் டியூப் போட்டுக் காலி செய்யுங்கள். திரும்பி வந்ததும் தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டு, படுக்க வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பித் தோல் பாருங்கள்.